போரை நடந்து கழித்த ஏர்ல் ஷாஃபர்

இரண்டாம் உலகப்போர் 1945இல் முடிந்தது. ஏர்ல் ஷாஃபருக்கு அது முடியவில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1918இல் பிறந்தவர் அவர். போர்க்காலத்தில் பசிபிக் தீவுகளில் இராணுவத் தொலைத்தொடர்புப் பிரிவில் பணியாற்றினார். போருக்கு முன்னரே அவரும் நண்பர் வால்டர் வைன்மில்லரும் ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். ஜோர்ஜியாவிலிருந்து மேய்ன் வரை மலைத்தொடர் வழியே செல்லும் அப்பலாச்சியன் பாதையை ஒரே மூச்சில் நடந்து முடிப்பது. வால்டர் இவோ ஜிமாவில் கொல்லப்பட்டார். ஷாஃபர் வீடு திரும்பினார், ஆனால் மனம் எதிலும் ஒட்டவில்லை. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகும் வீட்டுக்குள் போர் தொடர்வது நமக்குத் தெரியாத கதையல்ல.

1948 ஏப்ரல் 4ஆம் திகதி, 29 வயதில், தனியாகப் புறப்பட்டார். சுமார் 2,050 மைல் தூரம். போர் ஆண்டுகளில் பராமரிப்பாரின்றிப் பாதையின் பல பகுதிகள் காடு மண்டிக் கிடந்தன. மரங்கள் குறுக்கே விழுந்திருந்தன, வழிக்குறிகள் மங்கியிருந்தன. அவரிடம் பாதையின் வழிகாட்டி நூல் இல்லை. வீதி வரைபடங்களை வைத்தே சமாளித்தார். கூடாரத்தைக்கூடப் பாரமென்று விட்டுவிட்டார். சிறிய குறிப்பேட்டை மட்டும் விடவில்லை. 124ஆவது நாள், ஆகஸ்ட் 5இல், மேய்னின் கட்டாடின் மலையுச்சியை அடைந்தார்.

ஒருவர் ஒரே தடவையில் நடந்து முடித்தார் என்பதைப் பாதையைப் பராமரித்த அமைப்பினரே முதலில் நம்பவில்லை. குறிப்பேட்டையும் படங்களையும் பார்த்த பின்னர்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த நடை அவரை முழுதாகக் குணமாக்கியது என்று அடித்துச் சொல்ல நமக்குத் துணிவில்லை. அவர் கடைசிவரை தனிமை விரும்பியாகவே வாழ்ந்தார். ஆனால் பாதை அவரைத் திரும்பத் திரும்ப அழைத்தது. 1965இல் எதிர்த்திசையில் நடந்தார். 1998இல், 79 வயதில், மூன்றாவது தடவையும் முழுவதையும் நடந்து முடித்தார். 2002இல் காலமானார்.

பத்து ஆண்டுகள் கழித்து, ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய ஷோன் கோபின் என்ற கடற்படைக் காலாட்படை அதிகாரி அதே பாதையை நடந்தார். பின்னர், ஷாஃபரை முன்னோடியாகக் கொண்டு, முன்னாள் படையினருக்கான நீண்ட நடைப்பயணத் திட்டமொன்றைத் தொடங்கினார். ஒரு விடயத்தில் மட்டும் அது ஷாஃபரின் வழியிலிருந்து விலகியது: இவர்கள் தனியாக அல்ல, குழுவாக நடக்கிறார்கள். பகலில் காடு. இடையிடையே பாதையோர ஊர்களில் தங்கல். முன்பின் அறியாத குடும்பங்கள் அவர்களை அழைத்துச் சென்று, சாப்பாடு போட்டு, படுக்க இடம் கொடுத்து, மறுநாள் பாதையில் கொண்டுவந்து விடுகின்றன.