நறுமணத்தில் வாழ்பவர்

அரசரின் புகழ் கல்லிலும் புலவரின் புகழ் ஏட்டிலும் நிலைக்கின்றன. ஒரு முடிதிருத்துநரின் புகழ் எதில் நிலைக்கும்? வில்லியம் பென்ஹலிகனின் வரலாற்றைப் படித்தபொழுது இவ்வினா என் உள்ளத்தில் எழுந்தது.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கோண்வால் பகுதியில், பென்சான்ஸ் என்னும் துறைமுகப் பட்டினத்தவர் அவர். முடிதிருத்துதலே அவர் தொழில். விக்டோரியா மகாராணியாரின் காலத்தில் இலண்டனுக்குக் குடிபெயர்ந்து, ஜேர்மின் வீதியில் தொழில் நடத்தினார். ‘ஹம்மாம்’ எனப்படும் துருக்கிய நீராட்டு மண்டபமொன்று அவ்வீதியில் 1862ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்தது. செல்வர்கள் அங்கே வெம்மையில் வியர்த்து, மேனி பிடித்துவிடப்பெற்று, களைப்பு நீங்கி வெளிவருவர்.

அம்மண்டபத்து ஆவியோடு கலந்து வந்த மணம் பென்ஹலிகனின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. ரோசாவும் லவெண்டரும் சந்தனமும் கூட்டி, 1872இல் ‘ஹம்மாம் பூக்கே’ என்னும் வாசனைத் திரவியத்தை ஆக்கினார். கத்தரிக்கோல் பிடித்த கை, அன்று முதல் மணங்களையும் அளந்தது. அவர் மைந்தர் வோல்ட்டர், 1902இல் மார்ல்பரோ கோமகனுக்காக ‘பிளெனிம் பூக்கே’யை ஆக்கினார். 1903இல் அலெக்சாந்திரா அரசியாரின் அரச ஆணைப்பத்திரமும் அந்நிறுவனத்துக்குக் கிடைத்தது.

பின்னர் போர் மூண்டது. 1941இல் ஜேர்மானியக் குண்டுகள் ஜேர்மின் வீதிக் கடையை அழித்தன. ஹம்மாமும் அவ்வாண்டே அழிந்தது. மணம் பிறந்த இடமும் அதனை விற்ற இடமும் ஒருங்கே மறைந்தன. பென்ஹலிகனின் பெயரும் மெல்ல மங்கியது.

எனினும், கலவைக் குறிப்புகள் எஞ்சியிருந்தன. அவற்றைத் துணைக்கொண்டு, 1975இல் ஷீலா பிக்கிள்ஸ் என்னும் அம்மையார், திரைப்பட நெறியாளர் பிராங்கோ செபிரெல்லியின் உதவியுடன், இலண்டன் கொவென்ற் கார்டினில் அக்கடையை மீண்டும் திறந்தார். 2015இல் ஸ்பானிய நிறுவனமான புயிக் அதனை வாங்கியது.

புதிதாக வார்க்கப்படும் மணம் பழைய மணந்தானா என்று நான் ஐயுற்றதுண்டு. அன்று மலர்ந்த ரோசா இன்றில்லை. மானிடமிருந்து பெற்ற கத்தூரியின் இடத்தைச் செயற்கைப் பொருள்கள் பிடித்துவிட்டன. ஆயினும், பண்ணொன்றைப் பாடுவோர் மாறினும் பண் மாறுவதில்லை அன்றோ? கூட்டும் அளவு ஒன்றாயின், கூட்டியவரின் உள்ளமும் அதில் உறையும் என்றே கருதுகின்றேன்.

காற்றில் கரைவது மணத்தின் இயல்பு. அதனை நிலைக்கச் செய்தது ஒரு தொழிலாளி எழுதிவைத்த குறிப்பு. கைத்தொழிலையும் எழுதிவைத்தல் வேண்டும் என்பதே அவர் வாழ்விலிருந்து நான் கற்ற பாடம்.