மட்டை மறுக்கப்பட்ட கைகள்: பல்வங்கர் பாலுவின் வாழ்வும் திடல் உரிமையும்

திண்டுக்கல் அருகே நத்தத்திலுள்ள என்.பி.ஆர். கல்லூரித் திடலில் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களும் டி.என்.பி.எல். ஆட்டங்களும் நடந்துள்ளன. அவற்றைக் கண்டு களிக்கும் நம் மாணவர்களில் எத்தனை பேர் பல்வங்கர் பாலுவின் பெயரை அறிவர்? இந்திய கிரிக்கெட்டின் முதல் பெரும் பந்துவீச்சாளர் அவர். தீண்டத்தகாதோராக நடத்தப்பட்ட சமார் சமூகத்தில் பிறந்தவர்.

1870களில் தார்வாடில் பிறந்த பாலு, புனேயில் வளர்ந்தார். தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். சிறுவயதிலேயே பார்சிகள் நடத்திய கிரிக்கெட் மன்றத்தில் திடலைப் பெருக்கிப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மாத ஊதியம் 3 ரூபாய். 1892 அளவில் ஐரோப்பியரின் பூனா ஜிம்கானாவுக்கு மாறியபோது அது 4 ரூபாயாயிற்று. உருளையிழுத்து ஆடுதளத்தைச் சமன்செய்வதும், பயிற்சி வலைகளைக் கட்டுவதும், கோடு போடுவதும் அவர் கடமைகள். ஓய்ந்த நேரத்தில் வெள்ளை அதிகாரிகளுக்குப் பந்து வீசும் வேலையும் சேர்ந்துகொண்டது.

அவருடைய பயிற்சிக்கூடம் அதுதான். அன்றைய சிறந்த மட்டையாளர்களில் ஒருவரான ஜே.ஜி. கிரெய்க், தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. மணிக்கணக்கில் வீசிய அந்த இடக்கைச் சுழற்பந்தில் அளவும் திருப்பமும் கூர்மையடைந்தன. ஆனால் அவர் கையில் மட்டை மட்டும் தரப்படவில்லை. வீசுவது ஊழியம்; அடிப்பது கனவானின் உரிமை. விளையாட்டுக்குள்ளும் வருணம் தன் வேலைப்பிரிவினையை இவ்வாறு வகுத்தது.

திறமையை மறைக்க முடியாத நிலையில் புனே இந்துக்கள் அவரை அணியில் சேர்த்தனர். திடலில் அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், தேநீர் இடைவேளையில் அவரை வெளியே நிறுத்தி மண்குவளையில் தேநீர் கொடுத்தனர். உணவுக்கும் தனி இடம், தனித் தட்டு. இரட்டைக் குவளைக்கு எதிராக இன்றும் போராடிவரும் நமக்கு அந்த மண்குவளையை விளக்கவேண்டியதில்லை.

பிளேக் நோய்க் காலத்தில் பம்பாய்க்குப் பெயர்ந்த பாலு, இந்து ஜிம்கானாவுக்கு ஆடினார். 1906இல் ஐரோப்பியரை இந்துக்கள் 109 ஓட்டங்களில் வென்றபோது அவரும் தம்பி சிவராமும் அணியில் இருந்தனர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். 33 முதல்தர ஆட்டங்களில் 179 விக்கெட்டுகள், சராசரி 15.21. இருந்தும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்கு வழங்கப்படவில்லை. தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அது கிட்டியது. மட்டை பிடிக்க வாய்ப்புக் கிடைத்த விட்டல், பெயர்பெற்ற மட்டையாளராகவே விளங்கினார். பாலுவுக்கும் அந்த வாய்ப்பு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் கேட்காமலிருக்க முடியவில்லை.

பாலுவைக் கண்டு இளம் அம்பேத்கர் பெருமிதம் கொண்டார். ஆயினும் 1932இல் பாலு, நம் மாகாணத்து எம்.சி. ராஜாவைப் போலக் கூட்டுத்தொகுதியின் பக்கம் நின்றார். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அரசியலில் அவரோடு முரண்பட்டுக்கொண்டே திடலில் அவர் வென்றதைக் கொண்டாடலாம். 1955இல் அவர் மறைந்தார்.

வறுமையும் கடும் உழைப்புமே பாலுவை உருவாக்கின என்று புகழ்வோர் உண்டு. அப்புகழ்ச்சியை நாம் ஏற்பதற்கில்லை. உருளையிழுப்பது கூலிவேலை, அது பயிற்சியாகாது. விரைவும் பாய்ச்சலும் தாங்குதிறனும் முறையான பயிற்சியாளர், சத்துணவு, ஓய்வு, தடையற்ற திடல் ஆகியவற்றால் வளர்பவை. இவை எதுவுமின்றி ஒருவர் வென்றார் என்பது, வெல்ல முடியாமல் போன ஆயிரவரின் இழப்பை ஈடுசெய்யாது.

அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்களில் சாதியின் பேரால் தடைவிதிப்பதை அரசமைப்பின் 15(2)ஆம் பிரிவு விலக்குகிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஊராட்சித் திடலில் சேரிப் பிள்ளைகள் விரட்டப்பட்டால், அதை விளையாட்டுச் சண்டையென்று சமரசம் பேசி முடிக்க விடாதீர்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். பாலுவுக்கு மறுக்கப்பட்ட மட்டையை நம் பிள்ளைகளின் கையில் சேர்ப்பதே அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.