பின்னக் கணக்கைச் சுருக்கிய சமணர்

கால், ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று. மூன்றையும் கூட்டினால் எவ்வளவு?

பிள்ளைகள் விழிப்பார்கள். பெற்றோரும்தான்! இதற்குச் சுருக்கு வழி தந்தவர் மகாவீராச்சாரியார்.

இவர் 9-ம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த சமணர். தீர்த்தங்கரரான மகாவீரர் வேறு, இவர் வேறு.

அப்போது இராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் ஆண்டு வந்தார். அவர் புலவர்களை ஆதரித்தவர். அவருடைய தலைநகரம் மானியகேடம். கர்நாடகத்தில் இன்று மால்கேட் என்று வழங்கும் ஊர் அதுதான்.

கி.பி. 850-ஐ ஒட்டி, "கணித சார சங்கிரகம்" என்ற நூலை வடமொழியில் செய்தார் மகாவீராச்சாரியார். அந்நாளில் கணக்கு பெரும்பாலும் வான நூலுக்குள் ஓர் அத்தியாயமாகவே இருந்தது. இவரோ கணக்குக்கென்றே தனி நூல் எழுதினார். சமையலுக்கும் கணக்கு வேண்டும், சங்கீதத்துக்கும் வேண்டும், மருத்துவத்துக்கும் வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

கணக்குகளையும் கதை போலச் சொன்னார். ஒரு பெண்ணின் முத்துமாலை அறுந்து விழுகிறது. அங்கே சில பங்கு, இங்கே சில பங்கு சிதறுகிறது. மொத்தம் எத்தனை முத்து? இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் கணக்குப் போட ஆசை வராது?

இனி நம் கணக்குக்கு வருவோம்.

பின்னத்தில் கீழே இருக்கும் எண்ணுக்குப் பகுதி என்று பெயர். பகுதிகள் வேறு வேறாக இருந்தால் கூட்ட முடியாது. முதலில் அவற்றை ஒன்றாக்க வேண்டும். கி.பி. 628-ல் நூல் எழுதிய பிரம்மகுப்தர் காட்டிய வழி, பகுதிகளை ஒன்றோடொன்று பெருக்குவது. 4, 6, 8 ஆகியவற்றைப் பெருக்கினால் 192. கூட்டினால் 192-ல் 104 வரும். விடை சரிதான். ஆனால் எண்கள் பெருத்துவிட்டன. பிறகு அதைச் சுருக்கவும் வேண்டும்.

192 எதற்கு என்று கேட்டார் இவர். 4, 6, 8 மூன்றும் மீதியில்லாமல் வகுக்கும் மிகச் சிறிய எண் 24. அது போதுமே! காலுக்கு 6, ஆறில் ஒன்றுக்கு 4, எட்டில் ஒன்றுக்கு 3. மொத்தம் 13. விடை, 24-ல் 13. தீர்ந்தது கணக்கு!

அந்தச் சிறிய எண்ணுக்கு அவர் இட்ட பெயர் நிருத்தம். (நாட்டியத்தைக் குறிக்கும் சொல் அல்ல இது.) பள்ளிகளில் மீச்சிறு பொது மடங்கு என்று படிப்பது இதைத்தான்.

அவரும் சறுக்கிய இடம் உண்டு. ஓர் எண்ணைச் சுழியால் வகுத்தால் அந்த எண் மாறாது என்று எழுதிவிட்டார். அது தவறு.

சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மா. ரங்காச்சாரியார் பழைய சுவடிகளை ஒப்பிட்டு, இந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். 1912-ல் சென்னை அரசாங்க அச்சகத்தில் அது அச்சேறியது. அதன் பிறகே வெளிநாட்டுக் கணித அறிஞர்கள் பலரும் மகாவீராச்சாரியாரைப் படித்தார்கள்.