லேடி ஸ்மித் அம்மையார்

காந்தியடிகளின் தென்னாப்பிரிக்க வாழ்வைப் படித்த அன்பர்கள் லேடிஸ்மித் என்னும் ஊர்ப்பெயரை அறிந்திருப்பர். 1899-இல் போயர்கள் முற்றுகையிட்ட அவ்வூரை மீட்கச் சென்ற ஆங்கிலச் சேனையில் காயமுற்றோரைச் சுமந்தது, அடிகள் திரட்டிய இந்தியர் தொண்டர் படையேயாகும். நம் தமிழ் ஒப்பந்தக் கூலிகளும் அதில் இருந்தனர். ஆனால் அவ்வூர் எந்தப் பெண்மணியின் பெயரைத் தாங்கியது என்பதைப் பலர் அறியார். அவர் பிறப்பால் ஆங்கிலேயரும் அல்லர்.

ஸ்பெயின் தேசத்துப் படஹோஸ் நகரில் 1798-இல் உயர்குடியில் பிறந்தவர் ஹுவானா. கன்னிமாடத்தில் கல்வி பயின்று வந்தார். நெப்போலியனின் பிரெஞ்சுப் படை அந்நகரைப் பிடித்து வைத்திருந்தது. 1812 ஏப்ரல் 6-ஆம் நாள் இரவு வெல்லிங்டனின் சேனை மதில்களை உடைத்து உட்புகுந்தது. ஸ்பானியர்களை மீட்க வந்த அதே சேனையின் சிப்பாய்கள் மதுவெறி கொண்டு அம்மக்களையே சூறையாடினர். பெண்களுக்கு அவர்கள் இழைத்த கொடுமை எழுதத் தக்கதன்று. வீடிழந்த சகோதரியர் இருவர் நகருக்கு வெளியேயிருந்த ஆங்கிலப் பாசறையை அடைந்து, அதிகாரிகளிடம் அடைக்கலம் கேட்டனர். கம்மல்களைப் பிடுங்கியதில் அவர்தம் காதுகள் கிழிந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. இளையவரான ஹுவானாவுக்கு வயது 14.

சில தினங்களுக்குள் ஹாரி ஸ்மித் என்ற 24 வயது அதிகாரி அவரை மணந்தார். தாரை வார்த்துக் கொடுத்தவர் வெல்லிங்டனே. ஊரைக் கொள்ளையிட்ட படையிலேயே வாழ்க்கைப்பட நேர்ந்த அச்சிறுமியின் மனநிலையை யாரே அளவிட வல்லார்! எனினும் அவர் பாதுகாப்பான இடம் தேடிச் செல்லவில்லை. குதிரையேற்றம் கற்றுப் படையோடு சென்றார்; மழையிலும் சேற்றிலும் திறந்த வெளியில் துயின்றார். சிப்பாய்கள் அவரைப் பெரிதும் போற்றினர்.

1815-இல் வாட்டர்லூ போர் முடிந்ததும், ஹாரி மாண்டார் என்ற செய்தி அவரை எட்டியது. பிணங்கள் கிடந்த களத்தில் கணவரின் உடலைத் தேடிப் பித்துப் பிடித்தவர் போல் அலைந்தார். மாண்டவர் அதே பெயருடைய வேறோர் அதிகாரி என அறிந்த பின்னரே உயிர் வந்தது.

1828-இல் தம்பதியர் நன்னம்பிக்கை முனை சென்றனர். 1840-இல் நம் நாட்டிற்கு வந்தனர். 1843-இல் குவாலியருக்கு அருகே மகராஜ்பூர்ப் போரில், பீரங்கிக் குண்டுகள் விழுந்த இடத்தில் அம்மையார் யானை மீது இருந்தார். 1846-இல் அலிவாலில் சீக்கியரை வென்ற ஹாரி, மறு ஆண்டு முனையின் கவர்னரானார். அங்கே சுதேசித் தலைவர்களிடம் அவர் காட்டிய செருக்கு பாராட்டத் தக்கதன்று. 1852-இல் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டனர்.

ரயில்வே ஊழியனாகிய எனக்கு ஊர்ப்பெயர்களில் ஓர் ஈடுபாடு உண்டு. ஹாரிஸ்மித், லேடிஸ்மித், அலிவால் நார்த் என ஒரே தம்பதியின் வாழ்வைச் சொல்லும் மூன்று ஊர்கள் ஒரு நாட்டில் அமைந்தது வியப்பே. நேட்டாலிலிருந்த லேடிஸ்மித் 1850-இல் அப்பெயர் பெற்றது.

ஹாரி 1860 அக்டோபரில் காலமானார். மறு மாதமே சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற் கப்பல் நேட்டாலை அடைந்தது. மகப்பேறற்ற அம்மையார் 12 ஆண்டுகள் இங்கிலாந்தில் கைம்பெண்ணாய் வாழ்ந்து, 1872 அக்டோபரில் மறைந்தார். கணவரின் சொந்த ஊரான விட்டில்ஸியில், அவரோடு ஒரே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.