தன் தவறைத் தானே உலகுக்குச் சொன்ன டாக்டர்

பனி மலைகளுக்குப் பெயர் பெற்ற நாடு சுவிட்சர்லாந்து. ஒரு காலத்தில் அந்த நாட்டு மலைக் கிராமங்களுக்குப் போனால் ஒரு பரிதாபக் காட்சியைக் காணலாம். பலருக்குக் கழுத்தின் முன்புறம் கட்டி தொங்கும். சிலருக்கு எலுமிச்சம்பழம் அளவு. சிலருக்குத் தேங்காய் அளவு. இதற்குக் கழுத்துக் கழலை என்று பெயர்.

அந்த மலை மண்ணில் அயோடின் சத்து மிகக் குறைவு. அந்தச் சத்து கிடைக்காவிட்டால், கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி வீங்கிப் பெரிதாகும். கட்டி வளர்ந்து மூச்சுக் குழாயை நெரிக்கும். மூச்சு முட்டி இறந்தவர்களும் உண்டு.

கட்டியை அறுத்து எடுத்துவிட்டால் என்ன? எடுக்கலாம். ஆனால் தைராய்டு சுரப்பியில் ரத்தக் குழாய்கள் அதிகம். கத்தி பட்டால் ரத்தம் பெருக்கெடுக்கும். 19-ம் நூற்றாண்டின் நடுவில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 10-க்கு 4 பேர் பிழைக்கவில்லை. டாக்டர்களே பயந்து ஒதுங்கினார்கள்.

இந்த நிலைமையை மாற்றியவர் டாக்டர் தியோடர் கோக்கர்.

பொறுமைசாலி

1841-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந்தேதி, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கோக்கர் பிறந்தார். தந்தை என்ஜினீயர். தாயார் தெய்வ பக்தி மிகுந்தவர். அந்தப் பக்தி மகனிடமும் கடைசி வரை இருந்தது.

1865-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு பெர்லின், லண்டன், பாரீஸ், வியன்னா என்று பல நகரங்களுக்குப் போய், பெரிய டாக்டர்கள் ஆபரேஷன் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றார். 1872-ம் ஆண்டு பெர்ன் நகரிலேயே அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் ஆனார். சாகும் வரை 45 ஆண்டுகள் அதே பதவியில் இருந்தார்.

அந்தக் காலத்தில் வேகமாகக் கத்தி வைப்பவர்தான் கெட்டிக்காரர். கோக்கர் அப்படி அல்ல. ஆமை போல வேலை செய்வார். ஒவ்வொரு ரத்தக் குழாயாகப் பிடித்துக் கட்டிய பிறகே அடுத்த இடத்தில் கத்தி வைப்பார். ரத்தக் குழாயைப் பிடிக்க அவர் அமைத்த இடுக்கி இன்றைக்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. சுத்தத்தில் அவர் காட்டிய கண்டிப்பும் பெரிது. அவர் கையில் கழலை ஆபரேஷனால் இறப்பவர்கள், முடிவில் நூற்றுக்கு ஒருவருக்கும் கீழே குறைந்தார்கள்.

ஊரெங்கும் புகழ். வெளிநாட்டு நோயாளிகள் பெர்ன் நகருக்கு வந்து குவிந்தார்கள்.

11 வயதுச் சிறுமி

1874-ம் ஆண்டு ஜனவரி மாதம் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவர் ஆபரேஷன் செய்தார். தைராய்டு சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டார். புண் நன்றாக ஆறியது. சிறுமி வீடு திரும்பினாள்.

சில காலம் கழித்து அவளுடைய ஊர் டாக்டரிடம் இருந்து தகவல் வந்தது. துறுதுறு என்று இருந்த பெண் மந்தமாகிவிட்டாள், அவள் சுபாவமே மாறிவிட்டது என்று அவர் தெரிவித்திருந்தார். ஏன் என்று கோக்கருக்கு விளங்கவில்லை. வேலையும் ஓய்ந்தபாடில்லை. ஆண்டுகள் ஓடின.

1882-ம் ஆண்டு ஜெனீவா நகர டாக்டர் ரெவர்டான் என்பவரைக் கோக்கர் சந்தித்தார். தைராய்டு முழுவதையும் எடுத்த நோயாளிகள் சிலர் பின்னால் முகம் வீங்கி, சோர்ந்து, புத்தி மந்தமாகிவிட்டதாக ரெவர்டான் சொன்னார். கோக்கருக்குத் திக்கென்றது. அந்தச் சிறுமியின் நினைவு வந்திருக்க வேண்டும்.

வேறொருவராக இருந்தால் பேசாமல் இருந்திருப்பார். கோக்கர் தம்முடைய பழைய நோயாளிகளுக்கு எல்லாம் கடிதம் எழுதி, பரிசோதனைக்கு வரச் சொன்னார்.

அந்தச் சிறுமியும் வந்தாள். கூடவே அவள் தங்கையும் வந்தாள். முன்பு இருவரும் ஒரே அச்சாக இருப்பார்களாம். யார் அக்காள், யார் தங்கை என்று பார்ப்பவர்கள் திகைப்பார்களாம். இப்போதோ தங்கை உயரமாக, அழகிய பெண்ணாக வளர்ந்திருந்தாள். அக்காள் குள்ளமாகவே நின்றுவிட்டாள். முகம் ஊதி, பார்வை மங்கி, அறிவு வளராமல் இருந்தாள்.

முழுச் சுரப்பியையும் இழந்தவர்களில் 18 பேரைக் கோக்கர் பரிசோதித்தார். 16 பேர் இப்படித்தான் இருந்தார்கள்.

இதில் ஒரு வேதனை உண்டு. அவசரமாக அறுத்த மற்ற டாக்டர்கள், சுரப்பியில் கொஞ்சத்தைத் தெரியாமல் விட்டுவிடுவார்கள். அந்த மிச்சமே நோயாளியைக் காப்பாற்றியது. கோக்கரோ துளியும் விடாமல், சுத்தமாக எடுத்தார். அவருடைய திறமையே நோயாளிகளுக்கு வினை ஆயிற்று!

1883-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெர்லினில் டாக்டர்கள் மாநாடு நடந்தது. நடந்ததை எல்லாம் அங்கே கோக்கர் மறைக்காமல் சொன்னார். புற்றுநோய் அல்லாத சாதாரணக் கழலைக்காக இனி முழுச் சுரப்பியையும் எடுப்பதில்லை, ஒரு பகுதியை விட்டுவைக்க வேண்டும் என்றும் அறிவித்தார். தைராய்டு இல்லாமல் மனிதன் நன்றாக வாழ முடியாது என்பது இப்படித்தான் உலகுக்கு விளங்கத் தொடங்கியது.

ஆட்டுச் சுரப்பி

நோய் வந்துவிட்டவர்களுக்கு என்ன வழி? அதே ஆண்டில் கோக்கர், ஒரு நோயாளியின் உடம்பில் வேறொரு மனிதரின் தைராய்டுச் சதையை வைத்துத் தைத்துப் பார்த்தார். அந்த வழி நிலைத்த பலன் தரவில்லை.

வழியைக் காட்டியவர் இங்கிலாந்தில் நியூகாசில் நகரைச் சேர்ந்த டாக்டர் மர்ரே என்ற இளைஞர். 1891-ம் ஆண்டு அவர் ஆட்டின் தைராய்டு சுரப்பியில் இருந்து சாறு எடுத்தார். தைராய்டு குறைவால் வாடிய 46 வயதுப் பெண்மணிக்கு அதை ஊசி மூலம் செலுத்தினார். சில மாதங்களில் அந்த அம்மாளின் வீக்கம் வடிந்தது. முகம் பழையபடி ஆயிற்று. அடுத்த ஆண்டே, ஊசி தேவையில்லை, வாய் வழியாகச் சாப்பிட்டாலே போதும் என்று தெரிந்தது.

அந்த அம்மாள் மருந்தை விடாமல் சாப்பிட்டு, 28 ஆண்டுகள் நன்றாக வாழ்ந்து, 1919-ம் ஆண்டு 74-வது வயதில் காலமானார். அவருக்கு மருந்து கொடுக்க 870-க்கும் அதிகமான ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன!

எவ்வளவு கொடுப்பது?

ஆட்டுச் சாற்றில் ஒரு தொல்லை. ஒரு சமயம் வீரியம் கூடும். ஒரு சமயம் குறையும். அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், உடம்பு இளைக்கும். குறைந்தால் பழைய குளிரும் சோர்வும் திரும்ப வரும். அளவை அறிய நாடியும் நோயாளியின் முகமுமே டாக்டருக்குத் துணை.

இன்று அந்தக் கஷ்டம் இல்லை. சுரப்பியின் சத்தான தைராக்சினை 1914-ம் ஆண்டு அமெரிக்காவில் கெண்டால் பிரித்தெடுத்தார். இப்போது ரசாயன முறையில் செய்த லெவோதைராக்சின் மாத்திரை திட்டமான அளவில் கிடைக்கிறது. அளவு சரியா என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. தைராய்டை வேலை வாங்கும் மேஸ்திரி இதுதான். தைராய்டு சோம்பினால் மேஸ்திரி அதட்டுவார். அந்த அதட்டல்தான் ரத்தத்தில் தெரியும் டி.எஸ்.எச். அது கூடி இருந்தால், பெரும்பாலும் தைராய்டு சத்து போதவில்லை என்று பொருள். மாத்திரை மிஞ்சிவிட்டால் டி.எஸ்.எச். மிகவும் இறங்கிவிடும்.

மாத்திரை அளவை மாற்றினால் மறு வாரமே பரிசோதிப்பதில் பயன் இல்லை. மருந்து உடம்பில் மெல்ல மெல்லத்தான் நிலைக்கு வரும். ஆகவே 6 முதல் 8 வாரம் கழித்துப் பார்ப்பது வழக்கம். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் மாத்திரையை விழுங்க வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பி, பலகாரம் கூடாது. இரும்புச் சத்து மாத்திரையோ சுண்ணாம்புச் சத்து மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் 4 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் அவை தைராய்டு மருந்தை உடம்பில் சேர விடாது.

கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் அளவு தேவைப்படுவது சகஜம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்கள், கர்ப்பம் என்று தெரிந்ததுமே டாக்டரிடம் போக வேண்டும். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் சிறிய அளவில் தொடங்குவார்கள். சோர்வு தீர்ந்துவிட்டது என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நம்மில் ஏராளம். மருந்து உள்ளே போவதால்தான் சோர்வு தீர்ந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

நோபல் பரிசு

கோக்கருக்கு 1909-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அறுவைச் சிகிச்சை டாக்டர் ஒருவர் அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. பின்னர் பெர்ன் நகரில் மருத்துவ ஆராய்ச்சிக்காக அவர் பெருந்தொகை வழங்கினார்.

1913-ம் ஆண்டு ரஷியத் தலைவர் லெனின், தம் மனைவி குருப்ஸ்கயாவை அழைத்துக்கொண்டு பெர்ன் நகருக்கு வந்தார். அந்த அம்மையாருக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய். கோக்கர்தான் ஆபரேஷன் செய்தார். அப்போது அவருக்கு வயது 71. வாழ்நாளில் அவர் செய்த தைராய்டு ஆபரேஷன்கள் சுமார் 5 ஆயிரம்.

1917-ம் ஆண்டு ஜூலை மாதம், ஓர் அவசர ஆபரேஷனுக்குப் போய் வந்த பிறகு அவருக்கு உடல் நலம் குன்றியது. 27-ந்தேதி காலமானார். அதற்கு 5 ஆண்டுகள் கழித்து, 1922-ம் ஆண்டு, சுவிட்சர்லாந்தில் சாப்பாட்டு உப்பில் அயோடின் கலந்து விற்கத் தொடங்கினார்கள். அந்த மலைக் கிராமங்களில் கழலை தொங்கும் கழுத்துகள் மெல்ல மெல்ல மறைந்தன.