பூனை கற்பித்த பாடம்

மரப்பெட்டிக்குள் பசித்த பூனை. வெளியே ஒரு துண்டு மீன். கல்வி உளவியலுக்குப் புதுவழி காட்டிய ஆய்வு இந்த எளிய காட்சியில் தொடங்கியது. அதனை நடத்தியவர் எட்வர்ட் லீ தார்ண்டைக்.

இவர் 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். தந்தை சமயப் போதகர். 1895இல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின், ஹார்வர்டில் வில்லியம் ஜேம்ஸ் என்ற அறிஞரிடம் பயின்றார். கோழிக்குஞ்சுகள் எவ்வாறு கற்கின்றன என்று ஆராய விரும்பினார். ஆனால், அவர் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் அறையில் குஞ்சுகளை வளர்க்க இசையவில்லை. பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைக்கவில்லை. மாணவரின் ஆர்வத்தை உணர்ந்த ஜேம்ஸ், தம் வீட்டு நிலவறையையே கொடுத்து உதவினார்.

பின்னர், தார்ண்டைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பூனைகளைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார். பெட்டிக்குள் ஒரு கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும். அடைபட்ட பூனை பிறாண்டியது, கடித்தது, இடுக்கில் நுழையப் பார்த்தது. தற்செயலாகக் கயிறு இழுபட, கதவு திறந்தது, மீன் கிடைத்தது. மீண்டும் மீண்டும் அடைத்தபோது வீண் முயற்சிகள் படிப்படியாகக் குறைந்தன. இறுதியில், உள்ளே விட்டவுடன் பூனை கயிற்றை இழுத்தது. இதனை முயன்று தவறிக் கற்றல் என்பர். 1898இல் இவ்வாய்வு வெளிவந்தது.

பசித்த பூனைகளையே அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வயிறு நிறைந்த பூனைக்கு அதே மீன் பரிசாகத் தோன்றாது. பரிசின் மதிப்பு அதைப் பெறும் உயிரின் தேவையைப் பொறுத்தது. மனநிறைவு தரும் செயல் வலுப்பெறும். துன்பம் தரும் செயல் வலுவிழக்கும் என்று அவர் முடிவு செய்தார். இதுவே விளைவு விதி.

அடியாத மாடு படியாது என்னும் பழமொழி நம்மிடையே உண்டு. தார்ண்டைக்கின் விதியும் முதலில் அதற்கு இடம் தந்தது. எனினும், அவர் அதை மறுபடியும் சோதித்தார். அறிமுகமில்லாச் சொற்களுக்குரிய பொருளைத் தெரிவு செய்யுமாறு பலரைக் கேட்டார். சரி என்று பாராட்டப்பட்ட விடைகள் மனத்தில் பதிந்தன. தவறு என்று மறுக்கப்பட்ட விடைகளோ அவ்வளவாக மறையவில்லை. தண்டனைக்குப் பரிசுக்கு நிகரான ஆற்றல் இல்லை என்பதை அவர் உணர்ந்தார். 1929இல் யேல் பல்கலைக்கழகத்தில் உலக உளவியலாளர்கள் கூடிய மாநாட்டில், தம் விதியின் ஒரு பாதி தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

ஆசிரியர் கல்லூரியில் சுமார் 40 ஆண்டுகள் பணியாற்றிய தார்ண்டைக், 1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் மறைந்தார். தம்மைப் புகழின் உச்சிக்கு உயர்த்திய கருத்தையே ஐயுற்றுத் திருத்திக்கொண்ட அவரது நேர்மை, கற்போர் அனைவருக்கும் வழிகாட்டியாகும்.