எளிமையும் வறுமையும்: இராஜாஜியின் வாழ்வில் பொருள்

வள்ளுவர் துறவை அறத்துப்பாலில் வைத்தார். நல்குரவைப் பொருட்பாலில் வைத்தார். துறந்தோன் கையிலும் பொருள் இல்லை. நல்கூர்ந்தோன் கையிலும் பொருள் இல்லை. எனினும் ஒன்றைப் பெருமையாகவும் மற்றொன்றைத் துன்பமாகவும் அவர் பேசுகிறார். விரும்பி விடுவது துறவு. விரும்பாமல் வந்து சூழ்வது நல்குரவு. பொதுவாழ்வில் ஈடுபட்டோரின் செல்வநிலையை அளக்க முற்படுவோர் பலர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். எளிய உடை உடுத்த தலைவரை ஏழை என்று போற்றுகின்றனர்; நிலபுலன் உடையவரை உழைக்காதவர் என்று தள்ளுகின்றனர். இரண்டும் முழு உண்மையல்ல. சேலம் மாவட்டத்தில் பிறந்து, சேலம் நகரில் பொருள் ஈட்டி, திருச்செங்கோட்டுப் பகுதியில் அப்பொருள் வாழ்வை விட்டொழித்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரின் வாழ்க்கை இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தும் தகுதி வாய்ந்தது.

தொரப்பள்ளியிலிருந்து சேலத்துக்கு

1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்தார். அவ்வூர் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் வேங்கடார்யர் அவ்வூரின் முன்சீப். அது செல்வக் குடும்பமன்று; ஆனால் வறிய குடும்பமும் அன்று. ஊரில் மதிப்பு இருந்தது. வழிவழி வந்த கல்வி இருந்தது. மகனை முதலில் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்கும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரிக்கும் அனுப்ப வேண்டும் என்னும் எண்ணமும் அதற்குரிய வழியும் இருந்தன. அக்காலத்தில் அதே வட்டாரத்தில் கம்பு விதைத்தோரின் பிள்ளைகளுக்கும், தறியில் அமர்ந்தோரின் பிள்ளைகளுக்கும் இவை எட்டாக் கனிகள். பெட்டியில் பணம் இல்லாமலிருக்கலாம். எழுத்தும் தொடர்பும் நம்பிக்கையும் உடையவனைப் பரம ஏழை என்று கூறுதல் பொருந்தாது. பின்னர் நிகழ்ந்தவற்றை எடைபோட இத்தொடக்கத்தை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

1900ஆம் ஆண்டு சேலத்தில் அவர் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் அவர் திறமை விரைவில் வெளிப்பட்டது. குறுக்கு விசாரணையில் அவரது கூர்மை மாவட்டம் முழுவதும் பேசப்பட்டது, வருவாய் பெருகியது. 1911இல் நகராட்சி உறுப்பினரானார். 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இருந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் முதன்முறையாக அந்நகராட்சி மன்றத்தில் இடம்பெற்றது அவர் முயற்சியால்தான். இராஜத்துரோக வழக்கில் சிக்கிய பெ. வரதராஜுலு நாயுடுவுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவரும் அவரே. இதற்கிடையே மனைவி அலர்மேல்மங்கை இளம்வயதிலேயே காலமானார். ஐந்து குழந்தைகளைத் தந்தை ஒருவராகவே வளர்க்க நேர்ந்தது.

1919இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு மார்ச்சில் காந்தியடிகள் அவர் வீட்டில் தங்கினார். மறு ஆண்டு நாகபுரியில் சேலத்துப் பெரியவர் சி. விஜயராகவாச்சாரியார் தலைமை தாங்கிய காங்கிரஸ், ஒத்துழையாமைத் திட்டத்தை உறுதி செய்தது. நீதிமன்றப் புறக்கணிப்பு அத்திட்டத்தின் ஒரு கூறு. இராஜாஜி தொழிலை விட்டார். நாற்பது வயதைக் கடந்தவர். தாயற்ற பிள்ளைகளின் தந்தை. மாதந்தோறும் தவறாமல் வந்த பெரிய வருவாய். இம்மூன்றையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தால் அம்முடிவின் கனம் விளங்கும். 1921 இறுதியில் வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கு நாட்குறிப்பும் எழுதினார்.

புதுப்பாளையத்துக் குடில்

1925ஆம் ஆண்டு திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தோன்றியது. அப்பகுதி இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. புதுப்பாளையம் ஜமீன்தார் நிலம் அளித்தார். இராஜாஜி தம் குழந்தைகளுடன் அங்கு ஒரு சிறு குடிலில் குடியேறினார். மழையை நம்பிய மேட்டுநிலம். வானம் பொய்த்தால் கம்பும் சோளமும் கருகும். கிணற்றில் நீர் வற்றினால் உழவனுக்கு வேலை இல்லை. அத்தகைய மாதங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் சில அணாக்களே உலைக்கு அரிசியாயின.

ஆசிரமத்தின் பணி அந்த அணாக்களைச் சுற்றியே அமைந்தது. சுற்றியுள்ள சிற்றூர்ப் பெண்களுக்குப் பஞ்சு தரப்பட்டது; அவர்கள் வீட்டிலிருந்தே நூற்றுக் கொணர்ந்த நூல் எடைபோட்டு வாங்கப்பட்டது; அந்நூல் நெசவாளரிடம் சென்று கதராய்த் திரும்பியது. மருந்தகம் ஒன்றும் நடந்தது. தாழ்த்தப்பட்டோர் மற்றவருடன் ஒரே வளாகத்தில் வாழ்ந்து ஒரே பந்தியில் உண்டனர். இதனால் அக்கம்பக்கத்தார் முதலில் விலகி நின்றனர். பின்னரே நெருங்கி வந்தனர். கி. சந்தானம் ஆசிரம நிர்வாகத்தில் துணைநின்றார். 1929இல் மதுவிலக்குக்கென இராஜாஜி தொடங்கிய ‘விமோசனம்’ என்னும் திங்களிதழில் உதவியாசிரியராக இருந்தவர் பிற்காலத்தில் ‘கல்கி’ என்று புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி. பத்து இதழ்களே வெளிவந்த அவ்வேடு தமிழ் உரைநடைக்கு ஒரு நல்ல பயிற்சிக்களமாயிற்று.

ஈண்டு ஒன்றை நோக்குதல் வேண்டும். இராஜாஜி உண்ட உணவும் உடுத்த உடையும் அவ்வூர் நூற்புப் பெண்ணுடையவற்றை ஒத்திருந்தன. ஆயினும் அவர் விரும்பிய நாளில் சேலத்துக்குத் திரும்பி மீண்டும் வழக்கறிஞர் அங்கியை அணிந்திருக்கலாம். அந்தப் பெண்ணுக்குத் திரும்பிச் செல்ல வேறு இடம் இல்லை. வறுமையின் உள்ளுறை இதுதான்: பொருளின்மையைவிட வழியின்மையே கொடிது. இராஜாஜி எளிமையை மேற்கொண்டார். வறுமையை அவர் அடைந்தாரில்லை. இது அவரைக் குறைப்பதன்று. மீள வழி இருந்தும் அவர் மீளவில்லை என்பதே அவர் துறவின் அளவுகோல்.

அவர் காலத்தில் அவரோடு நின்ற கவிஞர் ஒருவரின் நிலையையும் ஒப்புநோக்கலாம். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் இராஜாஜி உப்புப் பயணம் நடத்தியபோது, அத்தொண்டர்கள் பாடிச் சென்ற நடைப்பாட்டை இயற்றியவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளை. ஓவியம் தீட்டி அதன் ஊதியத்தால் குடும்பம் நடத்தியவர் அவர். நாட்டுக்காக அவரும் சிறை சென்றார். 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர் ஆகும்வரை அவருடைய வாழ்க்கை எத்துணை நெருக்கடிகளைக் கண்டது என்பதை ‘என் கதை’ என்னும் தன்வரலாறு உணர்த்தும். ஒரே போராட்டம், ஒரே மாவட்டம், ஆனால் ஒருவர் இழந்தது சேர்த்த செல்வம், மற்றொருவர் இழந்தது அன்றாட ஊதியம். வரலாறு முன்னதை விரைந்து குறித்துக்கொள்கிறது.

ஐந்நூறு ரூபாய் அமைச்சர்

இரட்டையாட்சிக் காலத்தில் சென்னை மாகாண அமைச்சர் ஒருவர் திங்கள்தோறும் 4,333 ரூபாய்க்கு மேல் பெற்றார். 1931இல் கராச்சிக் காங்கிரஸ் அரசுப் பணியாளர் எவர்க்கும் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஊதியம் கூடாது என்று தீர்மானித்தது. 1937 ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமராகப் பொறுப்பேற்ற இராஜாஜி அத்தீர்மானத்தைச் செயலாக்கினார். வீட்டு வாடகையும் ஊர்திச் செலவும் தனியே வழங்கப்பட்டன. ஊதியம் 500 ரூபாயாக நின்றது.

அந்த அமைச்சரவையில் கல்வியும் சட்டமும் பார்த்தவர் டாக்டர் ப. சுப்பராயன், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார், 1926 முதல் 1930 வரை மாகாணத்தின் முதலமைச்சராகவும் இருந்தவர். அவருக்கு அந்த ஐந்நூறு ரூபாய் ஒரு பொருட்டன்று. இராஜாஜிக்கோ அது போதுமானது. சொத்தும் இன்றித் தொழிலும் இன்றிப் பொதுப்பணிக்கு வரும் ஓர் ஏழைத் தொண்டனுக்கோ அதுவே பிழைப்பு. ஒரே ஊதியம் மூவர்க்கும் மூன்று பொருள் தருகிறது. பதவிக்குரிய ஊதியத்தை அறவே குறைத்தால் செல்வர் மட்டுமே பதவிக்கு வர இயலும். மிகுத்தால் பதவியே செல்வத்துக்கு வழியாகும். சட்டமன்ற உறுப்பினர்க்கும் அக்காலத்தே ஊதியம் வகுக்கப்பட்டது இவ்விரு கேடுகளுக்கும் இடையே கண்ட வழி எனலாம்.

கள்ளும் கடனும்

புதுப்பாளையத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் கண்டவை இராஜாஜியின் சட்டங்களில் வெளிப்பட்டன. 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பின்னர்ச் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் பரவியது. கலால் வருவாய் குறைந்த இடத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. மரமேறிகள் தொழில் இழந்தனர் என்பதும் இதன் மறுபக்கம்; அதனை மறைத்தல் நேர்மையன்று.

1938இல் நிறைவேறிய உழவர் கடன் நிவாரணச் சட்டம் இன்னும் நுட்பமானது. 1932 அக்டோபருக்கு முன் பட்ட கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டி முழுதும் நீங்கியது. முதலைப் போல் இரு மடங்கு கட்டித் தீர்த்தவனுக்கு அக்கடனே ஒழிந்தது. பொருளின் விலை வீழ்ந்த ஆண்டுகளில் வட்டியில் மூழ்கிய உழவனை அச்சட்டம் கரையேற்ற முயன்றது. நீதிமன்றத்தில் கடன் பத்திரங்களைப் புரட்டிய வழக்கறிஞரும், குடிசைவாசலில் கடன்காரன் நிற்பதைக் கண்ட ஆசிரமவாசியும் அச்சட்டத்தில் ஒன்றுபட்டனர். கள்ளும் கடனும் ஓர் உழவர் குடும்பத்தைச் சிதைப்பதையே ‘திக்கற்ற பார்வதி’ என்னும் அவர் கதையும் சொல்கிறது. அவர் மறைந்தபின் 1974இல் அது திரைப்படமாயிற்று.

எனினும் அந்த ஆட்சியிலேயே பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டது. தமிழ்நாடு கொதித்தெழுந்தது, பலர் சிறை புகுந்தனர். தமிழ் உரைநடைக்குத் தொண்டு செய்த கையே தமிழரின் நெஞ்சைப் புண்படுத்தியது என்பதை அவர்பால் அன்புடையோரும் மறுக்க இயலாது.

மாளிகையும் அரைநாட் பள்ளியும்

நாடு விடுதலை பெற்றபின் மேற்கு வங்க ஆளுநராகவும், 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராகவும் இருந்தார். முந்நூற்று நாற்பது அறைகள் கொண்ட மாளிகையிலும் அவர் கதர் வேட்டியே உடுத்தார். அப்பதவியை விட்டிறங்கியவர் மத்திய அமைச்சராகவும், 1952இல் சென்னை மாநில முதலமைச்சராகவும் பணியாற்றினார். பதவியின் உயர்வு தாழ்வைப் பாராத இப்பண்பும் ஒருவகைத் துறவே. வேட்டி, சேலை நெசவைக் கைத்தறிக்கே ஒதுக்குமாறு மத்திய அரசை வற்புறுத்தியபோது சேலத்துத் தறிகளின் ஓசை அவர் காதில் ஒலித்திருக்க வேண்டும்.

ஆனால் 1953இல் அவர் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் அவர் நோக்கின் எல்லையைக் காட்டியது. நாட்டுப்புறப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிற்பயிற்சி. இருக்கும் ஆசிரியரையும் கட்டடத்தையும் கொண்டே மேலும் பல பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொணரலாம் என்பது கணக்கு. கைத்தொழிலை இழிவாகக் கருதக்கூடாது என்பது கருத்து. நூற்பும் நெசவும் தவமாகத் தோன்றிய ஆசிரமவாசிக்கு இது இயல்பான எண்ணமே. ஆனால் செருப்புத் தைத்தவனும் துணி வெளுத்தவனும் தன் மகன் அத்தொழிலிலிருந்து விடுபட வேண்டும் என்றே ஏங்கினான். கல்வியின் உச்சியை அடைந்து, பிறகு விரும்பி இறங்கி வந்தவர்க்குக் கைத்தொழில் பெருமை. ஏணியின் முதற்படியையே காணாதவனுக்கு அது விலங்கு. குலக்கல்வி என்னும் பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனை எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்தவர், இளமையிலேயே தந்தையை இழந்து பள்ளிப்படிப்பை இடையில் விட்டு மாமன் கடையில் நின்ற காமராசர். அத்திட்டம் கைவிடப்பட்டது, மதிய உணவுத் திட்டம் பிறந்தது. வறுமையைத் தேர்ந்தவர்க்கும் வறுமையில் பிறந்தவர்க்கும் உள்ள வேற்றுமையை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி தமிழக அரசியலில் அரிது.

இறுதி ஆண்டுகள்

1958இல் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. மறு ஆண்டு, எண்பது வயதில், சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். முன்னாள் மன்னர்களும் பெருநிலக்கிழாரும் ஆலை முதலாளிகளும் அதில் திரண்டனர். கதர் உடுத்த முதியவர் செல்வர்களின் கட்சிக்குக் கொடி பிடிக்கிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. உரிமமும் கட்டுப்பாடும் பெருகினால் அலுவலரும் அரசியலாரும் கொழுப்பர் என்பது அவர் மறுமொழி. இரு தரப்பிலும் உண்மை இருந்ததைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்படவிருந்தபோது, தொண்ணூற்றிரண்டு வயது முதியவர் முதலமைச்சரை நேரிற் கண்டு வேண்டிக்கொண்டார், வேண்டுகோள் பயன்தரவில்லை. 1972 டிசம்பர் 25ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. நாமக்கல் கவிஞர் அதற்கு நான்கு திங்கள் முன்னரே மறைந்திருந்தார்.

2003 முதல் தேர்தலில் நிற்போர் தம் சொத்தையும் கடனையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிடல் வேண்டும். அவ்வழக்கம் நன்று. ஆனால் அப்பத்திரத்தில் எழுத இயலாதவை சில உள. பதவிக்கு வருமுன் ஒருவர் எதனை விட்டுவந்தார், பதவியில் எதனைத் தொடாமல் இருந்தார், எளியோரின் பசியை எவ்வளவு உணர்ந்தார் என்பனவே அவை. இராஜாஜி முதலிரண்டிலும் முழுமதிப்பெண் பெறுவார். மூன்றாவதில் பாதியே பெறுவார். உலைக்கு அரிசியில்லாத வீட்டை அவர் அறிந்திருந்தார். அவ்வீட்டுப் பிள்ளையின் கனவை அவர் அறிந்தாரில்லை. புதுப்பாளையத்துக் காந்தி ஆசிரமத்தில் இன்றும் கதர்ப்பணி நடைபெறுகிறது. அங்கு நூற்ற பெண்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களையும் சேர்த்து எண்ணும்போதுதான் இம்மண்ணின் பொதுவாழ்வு வரலாறு நிறைவுபெறும்.